விண்டோஸ் 11: மேலேயே ஏற்றுவதா, புதிதாக நிறுவுவதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. சுங்கை சிப்புட்டில் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் அதன் பிறகு பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் படியேறுகிறார்கள். இருப்பதன் மேலேயே விண்டோஸ் 11ஐ ஏற்றிவிடலாமா, எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடலாமா? தோட்டத்து அலுவலகக் கிராணியும் கேட்கிறார், தமிழ்ப்பள்ளி ஆசிரியையும் கேட்கிறார், ஆலயச் செயலாளரும், செம்பனைக் குலை வாங்கும் எடைமேடைக்காரரும் கேட்கிறார்கள். இவர்கள் எல்லாருக்கும் பொதுவானது ஒன்று உண்டு. அந்தக் கணினியில் இருக்கும் கணக்குக்கும் கடிதத்துக்கும் வேறு எங்கும் நகல் கிடையாது.

அதனால் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் மேலேயே ஏற்றுங்கள். தகராறு செய்யும் கணினியில் புதிதாக நிறுவுங்கள். ஆனால் பழைய வன்தட்டை அழிக்காதீர்கள். அதைக் கழற்றி, தேதி எழுதி, அலமாரியில் வைத்துவிட்டு, புதிய எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்புத் தட்டு) ஒன்றில் நிறுவுங்கள். இணையத்தில் மறுபடி இறக்கிக்கொள்ளக் கூடியது எது, கூடாதது எது என்பது அழித்த பிறகுதான் பலருக்குத் தெரியவருகிறது.

மேலே ஏற்றினால் உங்கள் கோப்புகள், நிரல்கள், எழுத்துருக்கள், பிரிண்டர் அமைப்புகள் எல்லாம் கூடவே வரும். பழைய கோளாறுகளும் கூடவே வரும். புதிதாக நிறுவினால் கோளாறு போகும், மற்றவையும் போகும். இடையில் ஒரு வழி இருக்கிறது. விண்டோஸ் 11 ஏறிய பிறகு செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ரெக்கவரி, அதில் ‘ரீசெட் திஸ் பிசி’. ‘கீப் மை ஃபைல்ஸ்’ என்பதைத் தேர்ந்தால் கோப்புகள் தங்கும், நீங்கள் நிறுவிய நிரல்கள் போய்விடும். அதற்கும் முன்னால் நகல் எடுத்தே ஆக வேண்டும்.

‘இந்தக் கணினி தகுதி பெறவில்லை’ என்று வருகிறது

இந்தச் செய்தியைப் பார்த்தவுடனே புதிய கணினி வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். விண்டோஸ் 11க்கு வேண்டியவை: 64 பிட் செயலி, 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், யூஇஎஃப்ஐ (கணினியை எழுப்பும் புதிய முறை), செக்யூர் பூட் (எழும்போதே போலி நிரல்களைத் தடுக்கும்) வசதி, டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சில்லு). இவற்றில் பெரும்பாலும் தடுக்கி நிற்பது டிபிஎம். அது கணினிக்குள்ளேயே இருக்கும், ஆனால் பயாஸில் (விண்டோஸ் எழும் முன்பே திறக்கும் அடிப்படை அமைப்புத் திரையில்) அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல் செயலி என்றால் பிடிடி என்ற பெயரிலும், ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம் என்ற பெயரிலும் தேடி இயக்குங்கள். பல கணினிகளில் வேலை அத்தோடு முடிந்துவிடும்.

பயாஸில் கைவைக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். வன்தட்டு பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டால் பூட்டப்பட்டிருந்தால், அந்தப் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, மீட்பு எண்ணையும் எழுதி வைத்துக்கொண்டு பிறகு மாற்றுங்கள்.

அடுத்த தடை, கணினி லெகசி என்ற பழைய முறையில் ஓடுவது. அதை யூஇஎஃப்ஐ முறைக்கு மாற்ற, வன்தட்டின் பகிர்வு அட்டவணை (இடத்தைப் பிரித்து வைத்திருக்கும் பட்டியல்) எம்பிஆர் வகையிலிருந்து ஜிபிடி வகைக்கு மாற வேண்டும். இதற்கென்று எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியை மைக்ரோசாஃப்ட்டே விண்டோஸ் 10இன் 1703 பதிப்பிலிருந்து கூடவே தருகிறது. கோப்புகளை அழிக்காமல் மாற்றித் தரும். முதலில் சரிபார்ப்பை மட்டும் ஓடவிடுங்கள். அது தேறினால் மாற்றுங்கள். மாற்றிய கையோடு பயாஸில் யூஇஎஃப்ஐயைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் கணினி எழாது.

செயலியே பழையது என்றால் கதை வேறு. இன்டெல் என்றால் சில விதிவிலக்குகள் தவிர 8ஆம் தலைமுறை முதல்தான் ஏற்கப்படும். ஐ5-8250 என்று இருந்தால் 8ஆம் தலைமுறை, ஐ5-7200 என்று இருந்தால் 7. தகுதிச் சோதனையைத் தாண்டிக் குதிக்கும் குறுக்குவழிகள் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியும். சம்பளக் கணக்கும் ஈபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) கட்டணமும் ஓடும் கணினியில் நான் அதைச் செய்து தருவதில்லை. பின்னால் வரும் பாதுகாப்புத் திருத்தங்கள் கட்டாயம் வந்து சேரும் என்ற உறுதியை மைக்ரோசாஃப்ட் அத்தகைய கணினிகளுக்குத் தரவில்லை. அப்படிப்பட்ட கணினியை விண்டோஸ் 10இன் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் சேருங்கள். தனிநபர் பயனாளர்களுக்கு அது 2026 அக்டோபர் 13 வரை போகும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை நகலெடுக்கச் சம்மதித்தால் கட்டணமில்லை. பிள்ளைகளின் பாடத்துக்கும் இணையம் பார்ப்பதற்கும் மட்டும் பயன்படும் கணினி என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுக்கலாம். தமிழ் படிக்கவும் தட்டச்சு செய்யவும் அதில் தடையில்லை.

நிரல்களை வைத்துக்கொள்ளும் தேர்வு மங்கிக் கிடக்கிறது

நிறுவியைத் திறந்தால் ‘கோப்புகளையும் நிரல்களையும் வைத்துக்கொள்’ என்ற வரி அழுத்த முடியாமல் சாம்பல் நிறத்தில் இருக்கும். பெரும்பாலும் காரணம் மொழிதான். உங்கள் விண்டோஸ் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் நிறுவப்பட்டிருக்க, நீங்கள் இறக்கியது அமெரிக்க ஆங்கிலப் பதிப்பாக இருக்கும். அல்லது நேர்மாறாக இருக்கும். பதிவிறக்கப் பக்கத்தில் ‘இங்கிலீஷ் இன்டர்நேஷனல்’ என்று இருப்பது பிரிட்டிஷ் ஆங்கிலம். மற்றொன்றை இறக்கிப் பாருங்கள். ஹோம், புரோ என்ற பதிப்பும் பொருந்த வேண்டும்.

இரண்டும் பொருந்தியும் மங்கியே இருந்தால், உங்களிடம் இருப்பது 32 பிட் விண்டோஸா என்று பாருங்கள். விண்டோஸ் 11 64 பிட்டில் மட்டுமே வருகிறது. 32 பிட்டிலிருந்து மேலே ஏற்ற வழியே இல்லை. புதிதாகத்தான் நிறுவ வேண்டும்.

ஏறிக்கொண்டே போய் பாதியில் நின்றுவிடுகிறது, அல்லது பழையதற்கே திரும்பிவிடுகிறது

நின்றுவிட்டது என்று எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்? பழைய சுழலும் வன்தட்டில் ஒரே சதவீதத்தில் மணிக்கணக்காக நிற்பது வழக்கம்தான். வன்தட்டின் சிறு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் வரை கைவைக்காதீர்கள். மாலையில் இடியும் மின்னலும் வந்து மின்சாரம் துண்டிக்கப்படும் ஊர் நம்முடையது. மேசைக் கணினியை யூபிஎஸ் இல்லாமல் பிற்பகலில் தொடங்காதீர்கள், காலையிலேயே தொடங்குங்கள். மடிக்கணினி என்றாலும் மின்கலம் உண்மையிலேயே தாங்குகிறதா என்று முதல் நாளே சோதித்து வையுங்கள்.

உண்மையிலேயே திரும்பிவிட்டால், திரையில் வரும் பிழை எண்ணைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். முடிவில் 80070070 என்று இருந்தால் இடம் போதவில்லை. பழைய படங்களையும் காணொளிகளையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். 1900101 என்ற எண்கள் இருந்தால் பெரும்பாலும் டிரைவர் (கருவிகளை விண்டோஸோடு பேச வைக்கும் நிரல்) தகராறு. பிரிண்டர், பென்டிரைவ், வெளி வன்தட்டு என்று விசைப்பலகையும் சுட்டியும் தவிர எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள். தனியாக வாங்கிப் போட்ட வைரஸ் தடுப்பு நிரல் இருந்தால் அதை நீக்குங்கள். அணைத்து வைத்தால் மட்டும் போதாது. கணினி தயாரிப்பாளரின் தளத்திலிருந்து திரை அட்டைக்கும் வன்தட்டுக் கட்டுப்பாட்டுக்கும் உரிய டிரைவர்களைப் புதுப்பியுங்கள். அப்படியும் பிடிபடாவிட்டால் செட்அப்டயாக் என்ற மைக்ரோசாஃப்ட் கருவி பதிவுகளைப் படித்து எந்த டிரைவர் வில்லங்கம் செய்தது என்று பெரும்பாலும் பெயரோடு சொல்லிவிடும்.

தோட்டப்புறத்தில் இணையம் விட்டுவிட்டு வருகிறது என்பவர்கள், விண்டோஸ் அப்டேட் வழியாகவே ஏற்ற வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டியதில்லை. நல்ல இணைப்பு உள்ள இடத்தில் ஐஎஸ்ஓ கோப்பை (விண்டோஸ் நிறுவி முழுவதும் அடங்கிய ஒரே கோப்பு) இறக்கி, பென்டிரைவில் கொண்டு வாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸிலேயே அதை இருமுறை சொடுக்கித் திறந்து, செட்அப் நிரலை இயக்கினால் அதுவும் மேலே ஏற்றுவதுதான். கோப்புகள் நிற்கும்.

எல்லாம் செய்து பார்த்தும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுகிறது என்றால் விட்டுவிடுங்கள். அந்தக் கணினிக்குப் புதிய நிறுவல்தான் வழி.

ஏறிவிட்டது, ஆனால் நகரவே மாட்டேன் என்கிறது

முதல் ஓரிரு நாட்கள் பின்னணியில் கோப்புகளைத் தேடுவதற்கான அட்டவணை போடும் வேலை நடக்கும், பொறுங்கள். அதற்குப் பிறகும் அப்படியே இருந்தால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். டிஸ்க் என்ற நெடுவரிசை எப்போதும் 100 சதவீதத்தில் நின்றால் குற்றம் விண்டோஸுடையது அல்ல, சுழலும் வன்தட்டுடையது. புதிதாக நிறுவினாலும் அதே வேகம்தான். எஸ்எஸ்டி மாற்றுங்கள்.

புதிதாக நிறுவும்போது வன்தட்டே தெரியவில்லை

11ஆம் தலைமுறை இன்டெல் முதற்கொண்டு பல மடிக்கணினிகளில் இது நடக்கிறது. எங்கே நிறுவுவது என்று கேட்கும் திரை வெறுமையாக இருக்கும். எஸ்எஸ்டி கெட்டுவிட்டது என்று நினைத்து ஈப்போவுக்கு ஓட வேண்டாம். விஎம்டி என்ற இன்டெல் அமைப்பின் பின்னால் அது மறைந்திருக்கிறது. தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்குரிய ஆர்எஸ்டி டிரைவரை இறக்கி, விரித்து, பென்டிரைவில் போட்டு, ‘லோட் டிரைவர்’ என்ற பொத்தான் வழியாகக் காட்டுங்கள். வன்தட்டு தெரிந்துவிடும்.

வன்தட்டு தெரிந்தும், அது ஜிபிடி வகை அல்லது எம்பிஆர் வகை என்று சொல்லி நிறுவ மறுத்தால், பென்டிரைவை எந்த முறையில் எழுப்பினீர்கள் என்று பாருங்கள். எழுப்பும் பட்டியலில் யூஇஎஃப்ஐ என்ற முன்னொட்டு உள்ள வரியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த இடத்தில் கோபப்பட்டுப் பகிர்வுகளை எல்லாம் அழித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய வன்தட்டு உள்ளே இல்லாவிட்டால் அழிப்பதற்கு ஒன்றும் இருக்காது. கழற்றி வையுங்கள் என்று நான் சொல்வது இதற்காகவும்தான்.

நிறுவியாகிவிட்டது, வைஃபை இல்லை, ஆக்டிவேஷன் இல்லை

இணையம் இல்லாமல் முதல் அமைப்பே நகராது. வைஃபை டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசியைக் கம்பியால் இணைத்து கைப்பேசியின் இணையத்தைக் கணினிக்குத் தரும் யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். தனி டிரைவர் எதுவும் இல்லாமலே பெரும்பாலும் இணைப்பு வந்துவிடும்.

ஆக்டிவேஷனுக்கு, அதாவது உரிமத்தை உறுதி செய்ய, எண் கேட்டால் ‘என்னிடம் எண் இல்லை’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அந்தக் கணினியில் முன்பே முறையான விண்டோஸ் 10 இருந்திருந்தால் உரிமம் தாய்ப்பலகையோடு பதிவாகியிருக்கும், இணையம் வந்ததும் தானே ஒட்டிக்கொள்ளும். ஹோம் இருந்த இடத்தில் புரோ போட்டால் மட்டும் ஒட்டாது. பழைய விண்டோஸ் 7 ஒட்டுச்சீட்டு எண்ணை வைத்து இனி நடக்காது. அந்த வழியை 2023 செப்டம்பரில் மூடிவிட்டார்கள்.

நீலத் திரை 48 இலக்க எண் கேட்கிறது

பிட்லாக்கர் பூட்டு. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், உங்களைத் தனியாகக் கேட்காமலே பல கணினிகளில் இந்தப் பூட்டு விழுந்துவிடும். எண், நுழைந்த கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். இங்கே நான் அடிக்கடி பார்ப்பது, கணினி அப்பாவுடையது, கணக்கு கோலாலம்பூரில் வேலை செய்யும் மகனுடையது. மகன் தன் மைக்ரோசாஃப்ட் கணக்கின் சாதனப் பக்கத்தைத் திறந்தால் எண் கிடைக்கும். கழற்றி வைத்த வன்தட்டு பூட்டப்பட்டது என்றால் அதைத் திறக்கவும் இதே எண்தான். ஆகவே கழற்றுவதற்கு முன்பே எண்ணைத் தாளில் எழுதி வன்தட்டோடு சேர்த்து வையுங்கள். அந்த எண் போனால் உள்ளே இருப்பதை யாராலும் மீட்டுத் தர முடியாது.

தமிழ்க் கோப்புகள் எல்லாம் குப்பை எழுத்தாகிவிட்டன

புதிய நிறுவலுக்குப் பிறகு தமிழர் வீட்டிலும் பள்ளியிலும் ஆலயத்திலும் நெஞ்சைப் பதற வைக்கும் அறிகுறி இதுதான். பழைய திருவிழா அழைப்பிதழைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும், தலையில் கோடும் புள்ளியும் ஏறிய ஐரோப்பிய எழுத்துகளுமாகத் திரை நிறைந்திருக்கும். ஆண்டுக்கணக்கில் தட்டச்சு செய்த தேர்வுத்தாள்கள் எல்லாம் அப்படி வந்து நின்றால் யாருக்கும் கை நடுங்கும்.

பதறாதீர்கள், கோப்பு கெடவில்லை. யூனிகோட் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் பொதுமுறை) பரவலாவதற்கு முன்பு வந்த எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருந்தன. கோப்பில் சேமிக்கப்பட்டிருப்பது அந்த எண்கள் மட்டுமே. வரைந்து காட்டுவது எழுத்துரு. புதிதாக நிறுவியதில் எழுத்துரு போய்விட்டது, அவ்வளவுதான். மேலே ஏற்றியவர்களுக்கு இது நடக்காது, அவர்களுடைய எழுத்துருக்கள் கூடவே வந்துவிடும். நிறையப் பழைய தமிழ்க் கோப்புகள் உள்ள கணினி, மற்றபடி நலமாகவும் இருக்கிறது என்றால், மேலே ஏற்றச் சொல்வதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

முதலில் எழுத்துருவின் பெயரைக் கண்டுபிடியுங்கள். வேர்டில் அந்தக் குப்பை வரியின் மேல் சொடுக்கினால், எழுத்துருப் பெட்டியில் அதன் பெயர் தெரியும். எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் பெயர் மட்டும் கோப்போடு இருக்கும். அடுத்து, பழைய வன்தட்டை யூஎஸ்பி உறையில் போட்டு இணைத்து, விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறையைப் பாருங்கள். அங்கே இல்லாவிட்டால், பயனாளர் கோப்புறையில் மறைந்திருக்கும் ஆப்டேட்டாவுக்குள் தேடுங்கள். 2018க்குப் பின் ஒரு பயனாளருக்கு மட்டும் நிறுவிய எழுத்துருக்கள் அங்கேதான் போய் உட்காரும். கிடைத்த கோப்பைப் புதிய கணினியில் நிறுவினால், வேர்டை மூடித் திறந்ததும் தமிழ் தமிழாகவே நிற்கும்.

அத்தோடு விட்டுவிடாதீர்கள். எழுத்துரு கையில் இருக்கும்போதே முக்கியமான கோப்புகளை எழுத்துரு மாற்றி ஒன்றின் வழியாக யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றிய பிறகு க்ஷ, ஸ்ரீ, எண்கள், மேற்கோள் குறிகள் ஆகியவற்றைக் கண்ணால் சரிபார்க்க வேண்டும். பெரும்பாலும் அங்கேதான் தடுமாறும். பழைய கோப்பையும் அழிக்காதீர்கள்.

யூனிகோடில் லதா எழுத்துருவில் செய்த கோப்பு வேறு முகத்தோடு தெரிந்தால் அது சிறு விஷயம். விண்டோஸ் 10 முதல் லதாவும் விஜயாவும் கூடுதல் தொகுப்பாகத்தான் வருகின்றன. செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் ‘ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ என்று தேடி, ‘தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்’ என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். விசைப்பலகைக்கும் தனி நிரல் தேடி அலைய வேண்டியதில்லை. மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்தால் தமிழ் 99, அஞ்சல் என்ற விசைமுறைகள் இரண்டுமே விண்டோஸிலேயே இருக்கின்றன. முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு நிரலை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் மலேசியர். அஞ்சல் என்ற பெயரை உலகெங்கும் உள்ள விண்டோஸ் பட்டியலில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

கோப்புகளைக் காணவில்லை

வன்தட்டை அழிக்காமல் அதன் மேலேயே நிறுவியிருந்தால் சி டிரைவில் ‘விண்டோஸ்.ஓல்ட்’ என்ற கோப்புறை இருக்கும். அதற்குள் யூசர்ஸ், அதற்குள் உங்கள் பெயர். அதிலிருந்து உடனே வெளியே எடுங்கள், அந்தக் கோப்புறை நெடுநாள் தங்காது. மேலே ஏற்றியவர்கள் விண்டோஸ் 10க்கே திரும்ப நினைத்தால் ரெக்கவரி பக்கத்தில் ‘கோ பேக்’ பொத்தான் 10 நாட்கள் வரைக்கும்தான் இருக்கும். ஆகவே பிரிண்டர், கணக்கு நிரல், வங்கிச் சேவை எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

அழித்தே விட்டீர்கள் என்றால் அந்தக் கணினியை அப்போதே நிறுத்துங்கள். எழுதப்படும் ஒவ்வொரு புதிய கோப்பும் மீட்பின் வாய்ப்பைக் குறைக்கும். எஸ்எஸ்டி என்றால் வாய்ப்பு மிகக் குறைவு.

எடைமேடையிலிருந்து எடை வரவில்லை, ரசீது தாள் தாவுகிறது

செம்பனைக் குலை வாங்கும் இடங்களில் எடைகாட்டி, சீரியல் கம்பி வழியாகக் கணினிக்கு எடையை அனுப்புகிறது. இப்போதைய கணினிகளில் சீரியல் துளை இல்லாததால் இடையில் ஒரு யூஎஸ்பி மாற்றி இருக்கும். விண்டோஸ் 11 வந்த மறுநாள் காலை லாரிகள் வரிசையில் நிற்க, திரையில் எடை பூஜ்யமாகவே இருக்கும். டிவைஸ் மேனேஜரைத் திறந்து போர்ட்ஸ் பகுதியைப் பாருங்கள். மஞ்சள் முக்கோணத்தோடு, இந்தச் சில்லு 2012 முதல் நிறுத்தப்பட்டது, விற்றவரைத் தொடர்புகொள்ளுங்கள் என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், உங்கள் மாற்றியில் இருப்பது பிஎல்2303 குடும்பத்துப் பழைய சில்லு. புதிய டிரைவர் அதை ஏற்பதில்லை. அவசரத்துக்கு, ‘அப்டேட் டிரைவர்’ வழியாகக் கணினியிலேயே இருக்கும் பட்டியலைத் திறந்து பழைய டிரைவர் பதிப்பைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அடுத்த புதுப்பிப்பில் மறுபடி மாறிவிடக் கூடும். எஃப்டிடிஐ சில்லு உள்ள மாற்றி ஒன்றை வாங்கி வைப்பதே நிம்மதி.

முக்கோணம் இல்லை, ஆனாலும் எடை வரவில்லையா? காம் எண் (சீரியல் இணைப்புக்கு விண்டோஸ் தரும் எண்) மாறியிருக்கும். எடை நிரல் காம் 3இல் காத்திருக்க, புதிய விண்டோஸ் மாற்றிக்குக் காம் 5 கொடுத்திருக்கும். அதே போர்ட்டின் பண்புகளில் ‘அட்வான்ஸ்டு’ பொத்தானை அழுத்திப் பழைய எண்ணையே கொடுங்கள். பழைய எண் எது என்று யாருக்கும் நினைவிருக்காது. ஆகவே எதைத் தொடங்கும் முன்பும் எடை நிரலின் அமைப்புத் திரையைக் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். வேகம், பேரிட்டி எல்லாம் அதில் தெரிய வேண்டும்.

ரசீதின் கதையும் இதே போன்றது. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அரைநீளத் தொடர்தாள் போட்டிருப்பார்கள். புதிதாக நிறுவிய விண்டோஸுக்கு அந்த அளவு தெரியாது. முழுத்தாள் என்று நினைத்து ஒவ்வொரு ரசீதுக்கும் ஒரு ரசீது நீளத்தை வெறுமையாகத் தள்ளிவிடும். பிரிண்டரில் பழுது இல்லை. பிரிண்ட் சர்வர் பண்புகளைத் திறந்து, 9.5 அங்குல அகலம், 5.5 அங்குல உயரம் என்று, அல்லது உங்கள் தாளை அளந்து அதன் அளவில், புதிய ஃபார்ம் ஒன்றை உருவாக்குங்கள். பிறகு பிரிண்டரின் இயல்புத் தாளாக அதையே தேர்ந்தெடுங்கள்.

எடை நிரல் 16 பிட் காலத்தது என்றால் 64 பிட் விண்டோஸில் அது எழவே எழாது. எழுதிக் கொடுத்தவரும் இப்போது தொடர்பில் இல்லை என்றால் அந்தக் கணினியில் எதையும் ஏற்றாதீர்கள். இணையக் கம்பியைப் பிடுங்கி, வைஃபையை அணைத்து, எடை போடுவதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் வேறொரு கணினியைப் பயன்படுத்துங்கள். எடைக் கணினியின் வன்தட்டின் முழு நகல் ஒன்றை இந்த வாரமே எடுத்து வேறு கட்டடத்தில் வையுங்கள்.